கிழித்துப் போட்ட அடகுச் சீட்டு

வங்கியில் 26 வருடம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் பிரிவில். தினமும் யார் யாருடைய தாலிக்கொடியோ தோடோ கையில் புரண்டும் தங்கத்தின் மேல் எனக்கு ஆசை வந்ததில்லை. என் ஆசை பதவி உயர்வு. மூன்று வருடம் தொடர்ந்து பட்டியலில் என் பெயர் இல்லை, மூன்றாவது முறை நான் வேலை கற்றுக்கொடுத்த பையனின் பெயர் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்தது. ஊர் புண்ணியத் தலம் என்றெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை, தண்டனை என்றே நினைத்தேன். ராத்திரி தூக்கம் வராது.

சரி, வந்ததுதான் வந்தோம் என்று கிரிவலம் போக ஆரம்பித்தேன். 14 கிலோமீட்டர். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் உண்டு. குபேர லிங்கத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம், நானும் அங்கேதான் அதிக நேரம் நிற்பேன். என்ன கேட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடமும் பெயர் வரவில்லை. கோபம் இப்போது அலுவலகத்தின் மேல் மட்டும் இல்லை, சாமி மேலும்தான்.

எங்கள் கிளைக்கு வந்துபோன மதிப்பீட்டாளர் வயதானவர், பரம்பரையாகப் பொன் வேலை செய்த குடும்பம். ஒரு மதியம் உரைகல்லைத் துடைத்துக்கொண்டே, "சார், நம்ம தொழிலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, தெரியுமா?" என்று ரமணர் கதையைச் சொன்னார். அருணாசலத்தைத் தேடி 1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பிய 16 வயதுப் பையன், கையில் காசு தீர்ந்து, திருக்கோவிலூர் பக்கத்தில் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் காதிலிருந்த கடுக்கனைக் கழற்றி அடகு வைத்திருக்கிறான். கடுக்கன் 20 ரூபாய் பெறும், வாங்கியது 4 ரூபாய். பிறகு வந்து மீட்டுக்கொள்ள அவர் முகவரி எழுதிக் கொடுத்த சீட்டைக் கொஞ்ச நேரத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலை ரயிலேறி இங்கே வந்து சேர்ந்தான்.

ரமணர் படத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த விஷயம் என்னை அன்றைக்கு உலுக்கிவிட்டது, நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்பதால்தான் என்று நினைக்கிறேன். என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சார், இதுக்கு அதிகபட்சம் எவ்வளவு வரும்?" 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதவீதம் என்று இருந்த வரம்பை ரிசர்வ் வங்கி 90 ஆக்கியபோது, ஏற்கெனவே வைத்த நகைக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லார் வீட்டிலும் கஷ்டம். ஆனால் 20 ரூபாய்ப் பொருளை நீட்டி, ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் போதும் என்று 4 ரூபாய் மட்டும் கேட்டவரை நான் பார்த்ததே இல்லை. அதைவிட அந்தச் சீட்டு. நகையைக் கொடுப்பது பெரிதில்லை, எல்லாரும் கொடுக்கிறார்கள், சீட்டைப் பத்திரமாகப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் போகிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஈஸ்வரா, நீயே பார்த்துக்கொள் என்று அவனிடம் ஒப்படைத்துவிட்டு, சீட்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் போய்க் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆசையே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும்போது மூன்று பவுன் சங்கிலியைக் கொண்டுவந்து வைக்கும் ஒரு அம்மா உண்டு, அறுவடை முடிந்ததும் திருப்பிவிடுவார். "இவ்வளவு வட்டி கட்டியிருக்கீங்களே, வித்துட்டா நிம்மதிதானே" என்று ஒருமுறை கேட்டேன். "அது பொண்ணுக்குன்னு வச்சது சார், அது இருக்குங்கற நினைப்புலதான் ஓடுது" என்றார். அந்த ஆசையை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னுடையது வேறு. எனக்குப் பதவி வேண்டும் என்பதைவிட, அந்தப் பையனுக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதுதான் அதற்குள் இருந்தது, அதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு மூன்று மாதம் பிடித்தது. அப்புறம் கிரிவலத்தில் கேட்பதை நிறுத்தினேன். நாக்கு பழக்கத்தில் ஆரம்பிக்கும், நிறுத்துவேன், "அருணாசலா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடப்பேன். அடுத்த பட்டியல் வந்த அன்று லாக்கர் அறையில் நகைப் பொட்டலங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், சாயங்காலம்தான் பார்த்தேன், பெயர் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் அதிகாரியாகக் கிளையைப் பார்வையிட வந்த நாளில் வயிறு இறுகத்தான் செய்தது. அன்று ராத்திரி வெறுங்காலோடு மலையைச் சுற்றினேன்.

குபேர லிங்கம் வந்ததும் பழக்கத்தில் கை கூப்பினேன், எனக்கென்று கேட்க ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த அம்மாவின் சங்கிலி அந்தப் பெண்ணின் கழுத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடையைத் தொடர்ந்தேன்.