கிண்ணத்தோடு ஓடிய காலம்

போன தை மாதம் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறு என்றால் ஒரு மணி நேரம். ஒன்றரை வயது மகள் முன்னால் ஓட, நான் கிண்ணத்தோடு பின்னால் வாசல், மாட்டுக் கொட்டகை, தெருமுனை வேப்பமரம் வரை போய், காக்கா காட்டி, பாலக்கோடு பஸ்ஸைக் காட்டி, கடைசியில் செல்போனில் பாட்டுப் போட்டு, அவள் அசந்த நேரம் பார்த்து ஒரு வாய் திணிப்பேன். அதையும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து பத்து நிமிஷம் கழித்துத் துப்புவாள்.

கண்ணுதான் பட்டிருக்கும் என்று அத்தை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா பசி எடுக்க டானிக் பெயர் ஒன்று சொன்னார். சுற்றிப்போட்டதால் கெடுதல் இல்லை, டானிக் வாங்கவில்லை.

எடை பார்க்க அங்கன்வாடிக்குப் போனபோது டீச்சர் அட்டையை விரித்துக் காட்டினார். கோடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. "முதல் வருஷத்துல பொறந்த எடை மூணு மடங்காகுது, ரெண்டாவது வருஷம் முழுக்க ரெண்டு, ரெண்டரை கிலோதான் ஏறும், அப்ப பசி முன்ன மாதிரி எப்படிம்மா இருக்கும்?" என்றவர், அடுத்து பால் எவ்வளவு குடிக்கிறாள் என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். ஐந்து பாட்டில், கிட்டத்தட்ட ஒரு லிட்டர். சோறுதான் இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும் என்று நானே ஊற்றிய பால்! கறவை மாடு இருக்கிற வீட்டில் இதுதான் நடக்கும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலேயே வயிறு நிறைந்துவிட்டால் ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் இருக்கிற பசியும் போகும்.

பாட்டிலைத் தூக்கிப் போட்டோம். டம்ளரில் இரண்டு வேளை, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். முதல் நான்கு நாள் வீடு ரெண்டுபட்டது. எலும்புக்குச் சத்து வேண்டாமா என்று அத்தை சண்டைக்கு வர, 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் அதில் பாதிகூடக் கிடையாது என்றேன். தர்மபுரிக்காரரிடம் களியைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும், அடங்கிவிடுவார்கள்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் சாப்பாட்டு வேலையை இரண்டாகப் பிரிக்கிறார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு, எவ்வளவு என்பதும் சாப்பிடுவதா வேண்டாமா என்பதும் குழந்தை பாடு. படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. அரைவாய் தின்றுவிட்டு எழுந்து போகிறவளை "இன்னும் ஒரு வாய்டி தங்கம்" என்று கூப்பிடாமல், இருபது நிமிஷத்தில் தட்டைக் கழுவப் போடுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது எல்லோரோடும் தரையில் உட்கார்கிறாள், செல்போன் பரண் மேல். களியைக் கீரைக் கடைசலில் தொட்டு அவளே தின்கிறாள், பாதி தலையில்.

ஒன்று, எல்லாக் குழந்தைக்கும் இது போதாது. மாதக்கணக்கில் எடை ஏறவில்லை, விழுங்கும்போதெல்லாம் இருமுகிறது, புரையேறுகிறது, அடிக்கடி வாந்தி, அரைத்துக் கொடுத்தால் மட்டுமே இறங்குகிறது என்றால் காத்திருக்காமல் குழந்தை டாக்டரிடம் போய்விடுங்கள்.

புதுக் காய் ஒன்று பழக பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாமாம். கத்தரிக்காயில் ஒரு துண்டு தினமும் வைக்கிறேன், பார்க்கிறாள், எடுத்துக் கோழிக்குப் போடுகிறாள். இன்றோடு ஒன்பது.