66ஆம் எண் சாலையில் டிசம்பர்

டிசம்பர் 21, கட்டூசா, ஓக்லஹோமா

குளத்தோரம் நீலத் திமிங்கிலம் வாயைப் பிளந்தபடி கிடக்கிறது. காலை பத்து மணியாகியும் புல்மேல் வெண்பனி கரையவில்லை. எங்களைத் தவிர யாரும் இல்லை.

டல்சா விலங்குக்காட்சிசாலையை நடத்திவந்த ஹியூ டேவிஸ் கட்டியது இது. அவருடைய மனைவி ஸெல்டா திமிங்கிலப் பொம்மைகள் சேர்ப்பவர். திருமண நாள் பரிசாக 80 அடி நீளத்துக்கு இரும்புக்குழாய்ச் சட்டம் அமைத்து, அதன்மேல் கான்கிரீட் பூசி, 1972இல் முடித்தார். வீட்டாருக்காகத்தான் கட்டினார். ஊர்ப் பிள்ளைகள் குளிக்க வரத் தொடங்கவே, எல்லோருக்கும் திறந்துவிட்டார். 1988இல் மூடியபின் சிதைந்து கிடந்ததை ஊர்க்காரர்கள் கூடிப் பழுதுபார்த்து வண்ணம் அடித்தார்கள்.

வாய்க்குள் நுழைந்து வால்வரை நடக்கலாம். பக்கவாட்டில் சறுக்குமரம், வால் நுனியில் குதிக்க ஒரு மேடை. இப்போது நீந்த அனுமதியில்லை. அமெரிக்காவின் பழைய 66ஆம் எண் சாலையோர விசித்திரங்களில் பெரும்பாலானவை வியாபாரத்துக்காகப் பிறந்தவை. இது அன்புக்காகப் பிறந்தது. இந்தப் பயணத்தை இங்கே தொடங்க வேண்டும் என்று அக்காவிடம் வற்புறுத்தியது அதனால்தான்.

டிசம்பர் 22, ஆர்கேடியா

1926இல் சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரையிலான சாலைக்கு 66 என்ற எண் கிடைத்தது. ஆர்கேடியாவின் வட்டக் களஞ்சியம் அதற்கும் மூத்தது, 1898இல் கட்டப்பட்டது. ஓக் பலகைகளைப் பச்சையாக இருக்கும்போதே நீரில் ஊறவைத்து வளைத்திருக்கிறார்கள். 1988இல் கூரை இடிந்து விழுந்தது. ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் முன்னின்று, முதியவர்களான தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் எழுப்பினார். மாடியில் நின்று கூரையின் உட்புறத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சக்கரத்தின் ஆரங்கள்போல் நடுவை நோக்கி ஓடும் அத்தனை மரச்சட்டங்கள்!

சற்றுத் தொலைவில் 66 அடி உயர சோடா பாட்டில். 2007இல் வைத்தது. இரவில் நிறம் மாறி மாறி ஒளிர்கிறது. அழகுதான், ஆனால் மனம் களஞ்சியத்திலேயே நின்றுவிட்டது.

டிசம்பர் 23, அமரில்லோ, டெக்சஸ்

"அக்கா, வண்டியை ஓரம் கட்டு!" என்று கத்திவிட்டேன். க்ரூம் அருகே சாய்ந்து நிற்கும் தண்ணீர்த்தொட்டி. இரண்டு கால்கள் தரையைத் தொடவே இல்லை. தன் லாரி நிறுத்தத்துக்கு ஆள் வரவேண்டும் என்று உரிமையாளர் வேண்டுமென்றே சாய்த்து நிறுத்தினார். தொட்டி விழப்போகிறதென்று எச்சரிக்கப் பதறி ஓடிவந்தவர்கள், அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்களாம். அந்தக் கடை பின்னால் தீயில் போய்விட்டது, தொட்டி நிற்கிறது. கிறிஸ்துமஸுக்காக அதன் உச்சியில் நட்சத்திரம் வைத்திருக்கிறார்கள்.

மாலையில் காடிலாக் ராஞ்ச். 1949 முதல் 1963 வரையிலான மாதிரிகளில் பத்து கார்கள், மூக்கு மண்ணில் புதைய, வால் வானத்தைப் பார்க்க, வரிசையாக நிற்கின்றன. ஆன்ட் ஃபார்ம் என்ற கலைஞர் குழு 1974இல் நட்டது. நகரம் விரிந்து நெருங்கிவிட்டதால் 1997இல் பிடுங்கி மேற்கே நகர்த்தி நட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் தெளிப்பு வண்ணத்தில் பெயர் எழுதுகிறார்கள்; நாளை வேறு ஒருவர் அதன்மேல் எழுதுவார். படிந்து படிந்து வண்ணம் மரப்பட்டை அளவுக்குத் தடித்துவிட்டது. வாடைக்காற்றில் விரல் மரத்துப்போக, நானும் அம்மாவின் பெயரை எழுதினேன். காலி டப்பாக்களை வயலில் வீசிவிட்டுப் போவதைத்தான் தாங்க முடியவில்லை. கைக்கு அடங்கிய மட்டும் பொறுக்கி வந்தோம்.

டிசம்பர் 24, அல்புகர்க்கி, நியூ மெக்சிகோ

காலையில் அட்ரியன். சாலையின் நடுப்புள்ளி: இரு பக்கமும் 1,139 மைல் என்று பலகை சொல்கிறது. டுகும்காரியில் 1939இல் தொடங்கிய புளூ ஸ்வாலோ மோட்டலின் நியான் பறவையைப் பார்த்தோம். இரவு, பழைய நகரில் காகிதப் பைகளில் மணல் நிரப்பி மெழுகுவர்த்தி ஏற்றி, தெரு நெடுகவும் மதில்மேலும் வைத்திருந்தார்கள். லூமினாரியா என்கிறார்கள். கால் சோரும்வரை நடந்தோம்.

டிசம்பர் 26, ஹோல்புரூக், அரிசோனா

வழியில் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்கா. பழைய 66 ஓடிய தடத்தில் 1932ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று துருவேறி நிற்கிறது. தார் இல்லை, கோடு இல்லை. தந்திக் கம்பங்களின் வரிசை மட்டும் சாலை போன திசையைக் காட்டுகிறது. முட்புதர்மேல் மெல்லிய பனி.

இன்றிரவு தங்குவது விக்வாம் மோட்டலில். கான்கிரீட்டில் 15 கூம்புக் கூடாரங்கள்; 1950இல் செஸ்டர் லூயிஸ் கட்டினார். வடிவம் கென்டக்கியைச் சேர்ந்த ஃபிராங்க் ரெட்ஃபோர்டுடையது. அதற்கான கட்டணத்தைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது: அறைகளில் காசு போட்டால் பாடும் வானொலி, பத்து சென்ட்டுக்கு அரைமணி நேரம், விழுந்த காசு ரெட்ஃபோர்டுக்கு. 1974இல் மூடியதை, 1988இல் லூயிஸின் குடும்பத்தாரே மறுபடி திறந்தார்கள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. கூம்புக் கூடாரம் வடக்கே சமவெளியில் வாழ்ந்த பழங்குடியினருடையது. இந்த மண்ணின் நவஹோ மக்கள் வாழ்ந்தது ஹோகன் வீடுகளில். ஹோப்பி மக்கள் கல்வீடு கட்டியவர்கள். ஒருவருடைய வீட்டை எடுத்து இன்னொருவர் ஊரில் விளம்பரமாக நட்டிருக்கிறார்கள். சரிந்த சுவருக்குள் அறை கதகதப்பாக, மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. உறுத்தலும் இருக்கட்டும்.

டிசம்பர் 28, செலிக்மன்

ஹுவான் டெல்காடியோவின் ஸ்னோ கேப் உணவுக்கடை குளிர்காலத்துக்காக மூடியிருக்கிறது. ரயில்வே வேண்டாமென்று கழித்த மரத்தைக் கொண்டு 1953இல் அவர் கட்டியது. கதவில் இரண்டு குமிழ்கள், ஒன்று போலி. பூட்டிய கதவில் இரண்டையும் திருகிப் பார்த்துச் சிரித்தோம்.

1978 செப்டம்பர் 22 அன்று பக்கத்தில் புதிய நெடுஞ்சாலை திறந்தது. அன்றோடு ஊருக்குள் வண்டி வரத்து நின்றது. ஹுவானின் தம்பி ஏஞ்சல், முடிதிருத்துபவர், சும்மா இருக்கவில்லை. 1987இல் சங்கம் தொடங்கி, மாநில அரசிடம் போராடி, அரிசோனாவில் பழைய சாலைக்கு வரலாற்றுச் சாலை என்ற தகுதியை வாங்கினார். அதற்கு இரண்டாண்டு முன்புதான் 66 என்ற எண்ணே அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டிருந்தது. மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துத் தொடர்ந்தன. நான் இந்தச் சாலையில் பார்த்த எல்லாவற்றுக்கும் இந்தச் சிறிய ஊரின் முடிதிருத்தகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாளை கிங்மன் வரை பழைய தடத்திலேயே போகிறோம். வழியில் பர்மா-ஷேவ் என்ற சவரக் குழம்பின் விளம்பரப் பலகைகளை, பலகைக்கு ஒரு வரியாகப் பாட்டு சொல்பவற்றை, மீண்டும் நட்டிருக்கிறார்கள். அக்கா ஓட்டுவாள், உரக்கப் படிப்பது என் வேலை.