இரண்டு நொடிக் கோடு எங்கே தவறுகிறது

காமா கதிர் வெடிப்பு, அதாவது தொலைதூர விண்ணிலிருந்து வந்து சட்டென மறையும் காமா ஒளிப் பளிச்சிடல், பற்றிய அறிமுகக் கட்டுரைகளில் ஒரு கோடு தவறாமல் வந்துவிடும். இரண்டு நொடிக்கு மேல் நீடித்தால் பெரிய விண்மீன் ஒன்று இடிந்து விழுந்திருக்கிறது, அதற்குள் முடிந்தால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியிருக்கின்றன என்பார்கள். புள்ளிவிவரமாக இது இன்றும் பெரும்பாலும் சரி. ஆனால் ஒரு தனி வெடிப்பை எடுத்துக்கொண்டு இந்தக் கோட்டை வைத்தே அதன் பிறப்பைத் தீர்மானிப்பது தவறு. கால அளவு வெடிப்பை உள்ளிருந்து இயக்கும் இயந்திரத்தின் சுவடுதான், அதன் அடையாள அட்டை அல்ல.

கோடு வந்த வழி இதுதான். காம்ப்டன் விண்கலத்தில் இருந்த பேட்சி கருவி 1991 முதல் 2000 வரை 2704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானத்தின் எல்லாத் திசைகளிலும் சீராகப் பரவியிருந்தன. 1993-இல் கிரிசா குவேலியோட்டுவும் சக ஆய்வாளர்களும் அப்போது கையிலிருந்த வெடிப்புகளைக் கால அளவுப்படி அடுக்கியபோது இரண்டு குன்றுகள் தெரிந்தன. நடுவே பள்ளம் இருந்த இடம் சுமார் இரண்டு நொடி.

அவர்கள் பயன்படுத்திய அளவின் பெயர் டி90. பின்னணிக் கதிர்வீச்சைக் கழித்துவிட்டு, வெடிப்பிலிருந்து வந்த ஒளித்துகள்களின் (ஃபோட்டான்களின்) எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தத்தில் 5 விழுக்காடு வந்த நேரத்துக்கும் 95 விழுக்காடு வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் டி90. சொல்வது சுலபம், அளப்பது சிக்கல். தாழ்சுற்றுப்பாதையில் ஓடும் கருவிக்குப் பின்னணி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வெடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளில் ஒரு வளைகோட்டைப் பொருத்தித்தான் நடுவில் பின்னணி எவ்வளவு என்று ஊகிக்கிறோம். அந்தப் பொருத்தம் கொஞ்சம் சாய்ந்தால், கூட்டுத்தொகை தட்டையாக நிற்க வேண்டிய இடத்தில் ஏறிக்கொண்டே போகும், டி90-உம் சேர்ந்து நீளும். மங்கலான வெடிப்பில் இதற்கு நேர்மாறாக நடக்கும். உச்சி மட்டும் பின்னணிக்கு மேலே தலைகாட்டும், வால் மூழ்கிவிடும், நீண்ட வெடிப்பு குறுகியதாகப் பதிவாகும்.

அலைப்பட்டையும் முக்கியம். ஒரே துடிப்பு உயர் ஆற்றலில் ஒல்லியாகவும் தாழ் ஆற்றலில் அகலமாகவும் இருக்கும். அதனால் 15 முதல் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும் ஸ்விஃப்ட் விண்கலத்தின் கணக்கும் பேட்சியின் கணக்கும் பொருந்தாது. தொலைவும் காலத்தை இழுத்துவிடுகிறது. 2009 ஏப்ரல் 23-இல் பதிவான ஜிஆர்பி 090423 (ஜிஆர்பி என்றால் காமா கதிர் வெடிப்பு) என்பதன் செம்பெயர்ச்சி, அதாவது விண்வெளி விரிவால் ஒளியலை நீண்ட அளவு, 8.2. நமக்கு அது சுமார் 10 நொடி நீடித்தது. செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டிய மடங்குக்குக் காலம் நீளும், எனவே 9.2-ஆல் வகுத்தால், வெடித்த இடத்தில் ஒரு நொடியைச் சற்றே தாண்டும். இதை எந்தப் பெட்டியில் போடுவது?

அளவீட்டுச் சிக்கல்கள் இருக்கட்டும். இயற்பியலே இந்தக் கோட்டை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். அதற்கு வெடிப்பின் உள்ளே போக வேண்டும்.

வெடிப்பின் ஒளி மில்லிநொடிகளில் துடிக்கிறது. ஒரு மில்லிநொடியில் ஒளி கடக்கும் தூரம் 300 கிலோமீட்டர், எனவே மூலத்தின் அளவும் அவ்வளவுதான் என்று நினைக்கத் தோன்றும். அத்தனை சிறிய இடத்தில் 10⁵¹ எர்க் (எர்க் ஓர் ஆற்றல் அலகு) காமா ஒளியை அடைத்தால், ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளாக மாறும். கணக்குப் போட்டால் ஒரு ஃபோட்டானுக்கான ஒளித்தடிமன், அதாவது வெளியேறும் வழியில் எவ்வளவு தடுக்கப்படும் என்பதன் அளவு, 10¹³-ஐத் தாண்டுகிறது. எதுவும் வெளியே வரக் கூடாது. வந்தாலும் சூடான பொருளின் வழவழப்பான நிறமாலையாக வர வேண்டும். நாம் பார்ப்பதோ மெகா எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டி நீளும், அடுக்குவிதிப்படி மெல்லக் குறையும் வால்.

தப்பிக்க ஒரே வழி, ஒளிரும் பொருள் நம்மை நோக்கி ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாய்வது. லாரென்ஸ் காரணி (வேகம் ஒளிவேகத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதன் அளவு) 100-க்கு மேல் இருந்தால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. பொருளோடு சேர்ந்து ஓடும் ஒருவருக்கு ஃபோட்டான்களின் ஆற்றல் அத்தனை மடங்கு குறைவு, எனவே இணை உண்டாக்கும் தகுதி பெரும்பாலானவற்றுக்கு இல்லை. ஒளிரும் இடத்தின் ஆரமும் 300 கிலோமீட்டரைவிட அந்தக் காரணியின் வர்க்கம் அளவுக்குப் பெரிதாக இருக்க முடியும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 10⁵¹ எர்க் ஆற்றல் ஒரு தாரையை, அதாவது ஒடுங்கிப் பாயும் பொருளோட்டத்தை, 300 என்ற லாரென்ஸ் காரணிக்கு முடுக்கினால், அந்தத் தாரை சுமக்கக்கூடிய பொருள் சுமார் 3.7 × 10²⁷ கிராம். பூமியின் நிறையில் 60 விழுக்காடுதான். சுற்றிலும் பல சூரியன்களின் நிறை இருக்க, தாரைக்குள் ஒரு பூமி அளவு அழுக்குகூடச் சேரக் கூடாது! சேர்ந்தால் வேகம் விழும், காமா கதிர் வராது. காமா கதிர் வெடிப்பு அரிதாக இருப்பதற்கு இந்தத் தூய்மை நிபந்தனை ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

சுழலும் கருந்துளையின் அச்சு அந்தத் தூய்மைக்கு ஏற்ற இடம். வேகமாகச் சுழலும் பெருவிண்மீனின் கரு இடியும்போது, அச்சை ஒட்டிய பொருள் முதலில் உள்ளே விழுந்து வழி விடுகிறது. நடுக்கோட்டுப் பொருள் சுழற்சியால் தடுக்கப்பட்டு வட்டாகச் சேர்கிறது. வட்டைத் துளைத்து நிற்கும் காந்தப்புலம் கருந்துளையின் சுழற்சி ஆற்றலை அச்சு வழியாக உறிஞ்சுவதாகப் பலர் கருதுகிறார்கள். வட்டிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் தங்களுக்குள் அழிந்து தாரையை ஊட்டுவது மாற்று யோசனை.

தாரை பிறந்தால் மட்டும் போதாது, விண்மீனைத் துளைத்து வெளியே வர வேண்டும். ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் உதிர்த்துவிட்ட, சூரியன் அளவிலான விண்மீனைத் துளைக்க சுமார் 10 நொடி ஆகும். சூரியனைவிட 500 மடங்கு ஆரமுள்ள செம்பெருவிண்மீன் என்றால், ஒளிக்கே மேற்பரப்பை எட்ட 19 நிமிடம் பிடிக்கும். அதற்குள் இயந்திரம் அணைந்துவிடும், தாரை உள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். நீண்ட வெடிப்புகளோடு சேர்ந்து தெரியும் சூப்பர்நோவாக்களின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடு இல்லாததன் காரணம் இதுவே. 1998-இன் 1998பிடபிள்யூ, 2003-இன் 2003டிஎச் இரண்டும் அப்படித்தான்.

ஆக, வெளியே தெரியும் கால அளவு என்பது இயந்திரம் ஓடிய நேரத்திலிருந்து துளைத்த நேரத்தைக் கழித்த மிச்சம். 11 நொடி ஓடிய இயந்திரம் 10 நொடியைத் துளைப்பதில் செலவிட்டால் நமக்குத் தெரிவது ஒரு நொடி வெடிப்பு. 2020 ஆகஸ்ட் 26-இல் வந்த ஜிஆர்பி 200826ஏ சுமார் ஒரு நொடிதான் நீடித்தது. பிறகு அதே இடத்தில் சூப்பர்நோவாவின் ஒளி மேலெழுந்தது.

மறுபக்கம் இதைவிடத் தர்மசங்கடம். நியூட்ரான் விண்மீன் மோதலில் மிஞ்சும் வட்டு சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், பெரும்பகுதி ஒரு நொடிக்குள் விழுங்கப்பட்டுவிடும். 2017 ஆகஸ்ட் 17-இல் ஈர்ப்பலை முடிந்து 1.7 நொடியில் வந்த ஜிஆர்பி 170817ஏ இதற்குப் பொருந்தியது. ஆனால் 2006-இலேயே ஜிஆர்பி 060614 எச்சரித்திருந்தது. சுமார் 100 நொடி நீண்ட அந்த வெடிப்பு அருகிலேயே இருந்தும், எவ்வளவு தேடியும் சூப்பர்நோவா இல்லை. 2021 டிசம்பரில் ஜிஆர்பி 211211ஏ ஒரு நிமிடத்துக்கு அருகில் ஓடி, பின்னால் கிலோநோவாவை, அதாவது மோதலில் சிதறிய கனத் தனிமங்களின் கதிரியக்க ஒளிர்வை, விட்டுச் சென்றது. 2023 மார்ச்சின் ஜிஆர்பி 230307ஏ-ஐ ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 29 நாள் கழித்துப் பார்த்தபோது 2.15 மைக்ரான் அருகே ஒரு நிறமாலைக் கோடு இருந்தது. டெல்லூரியம் என்பதே அதற்கான சிறந்த விளக்கம். நியூட்ரான்களை அள்ளி விழுங்கும் அணுக்கருவினையில் அது உருவாகும்.

அப்படியானால் புதிய வெடிப்பு ஒன்றில் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது நிறமாலைப் பின்னடைவை, அதாவது தாழ் ஆற்றல் துடிப்பு உயர் ஆற்றல் துடிப்புக்கு எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை. மோதலில் அது பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். ஆனால் பிரகாசமான நீண்ட வெடிப்புகளிலும் சிலவேளை அப்படி இருப்பதால், இதை மட்டும் நம்ப முடியாது. அடுத்து இடம். பெருவிண்மீன்கள் பிறந்த இடத்திலேயே சாகின்றன, எனவே வெடிப்பு தன் விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான, நீலப் பகுதியில் இருக்கும். நியூட்ரான் இணைகளோ பிறப்பில் வாங்கிய உதையால் வெகுதூரம் விலகியிருக்கும். 230307ஏ தன் தாய் மண்டலத்திலிருந்து சுமார் 1,30,000 ஒளியாண்டு தள்ளி வெடித்தது. இதில் ஒரு கண்ணி உண்டு. அவ்வளவு தள்ளியிருந்தால், மங்கலான இன்னொரு மண்டலம் நேர் பின்னால் ஒளிந்திருக்கலாம். ஆழமான படம் இல்லாமல் தாய் மண்டலம் இதுதான் என்று சொல்லக் கூடாது.

கடைசித் தீர்ப்பு, பின்னொளிர்வு (காமா கதிருக்குப் பின் நீடிக்கும் ஒளி) மங்கிய பிறகு மிஞ்சுவதில் இருக்கிறது. இரண்டு, மூன்று நாளில் நீலத்திலிருந்து சிவப்புக்கு ஓடி அகச்சிவப்பில் மட்டும் தங்கினால் கிலோநோவா. இரண்டு வாரம் கழித்து உச்சம் தொட்டால் சூப்பர்நோவா. முதல் நாள் மட்டும் பார்த்துவிட்டுத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டால் இரண்டுமே தவறிப்போகும். வெடிப்பு மிகத் தொலைவில் இருந்தால் கிலோநோவா எட்டாத அளவுக்கு மங்கிவிடும். அங்கே சூப்பர்நோவா இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும், அதையும் தூசு மறைக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே.

211211ஏ, 230307ஏ என்ற அந்த இரண்டு நீண்ட மோதல்களில் மோதியவை எவை என்பது தீரவில்லை. வெள்ளைக் குள்ளனும் நியூட்ரான் விண்மீனும் இணைந்திருந்தால் வட்டு பெரிதாக இருக்கும், நீண்ட நேரம் ஓடும், ஆனால் கன உலோகங்கள் அவ்வளவு எப்படி வந்தன என்பது இடிக்கும். கருந்துளையும் நியூட்ரான் விண்மீனும் என்றால் உலோகம் பிரச்சினை இல்லை, நேரம்தான் இடிக்கும். என் சாய்வு இரண்டாவது பக்கம். வலுவான காந்தப்புலம் வட்டின் வீழ்ச்சியைத் தடுத்து மெதுவாக்க முடியும் என்பதால். இதைப் பிரித்தறிய ஈர்ப்பலை போதும். வெள்ளைக் குள்ளன் மோதலின் அதிர்வெண் தரையிலுள்ள கருவிகளுக்குக் கேட்காத அளவுக்குக் கீழே இருக்கும், மற்றது கேட்கும். ஆனால் 211211ஏ, 230307ஏ இரண்டுமே ஈர்ப்பலைகளைக் கேட்கும் லைகோ கருவியின் மூன்றாவது ஓட்டம் 2020 மார்ச்சில் முடிந்து, நான்காவது 2023 மே மாதம் தொடங்குவதற்கு இடைப்பட்ட காலத்தில் வந்தன.