மஞ்சள் இடுப்புக்காரி கட்டிய கூட்டில் நீலக்காரி

குளவி வந்துவிட்டது. நீலமாக வந்தது.

ஹாலில் காலண்டருக்குப் பின்னால் இருக்கும் மண்கூட்டைக் கட்டியது ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்ற மண்குளவிதான். அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. கட்டும்போதே படமெடுத்து வைத்திருக்கிறேன்: கறுப்பு உடம்பு, மஞ்சள் இடைக்காம்பு, ஏசி தண்ணீர் சொட்டி ஊறிய இடத்திலிருந்து வாயில் கவ்வி வந்த மண் உருண்டை. 1781-இலேயே பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் விவரித்துப் பெயர் வைத்துவிட்ட நம்ம ஊர்க் குளவி. அந்தக் கூட்டிலிருந்து இப்போது வந்திருப்பதோ தலை முதல் கால் நுனி வரை எஃகு நீலம். கூட்டைப் பார்த்தே குளவியின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று அடித்துப் பேசுகிறவர்கள் கொஞ்சம் இப்படி வந்து பார்க்கலாம்.

எனக்கு இது பெரிய அதிர்ச்சியும் இல்லை. மஞ்சள் இடுப்புக்காரியின் பிள்ளைகள் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறிய பிறகு, அந்த ஓட்டைகளில் ஒன்று மட்டும் மறுபடி அடைபட்டிருந்தது. அதற்கு முன்னாலேயே துவைக்கிற கல் பக்கம் ஒரு நீலக் குளவி நடமாடியதைக் கவனித்திருந்தேன். அது மண்ணைத் தொடவே இல்லை. கல்லில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சும், நேரே காலண்டருக்குப் பின்னால் போகும். தூக்கிப் பார்த்தால் கூட்டில் ஓரிடம் மட்டும் ஈரத்தில் கறுத்திருக்கும். பழைய மண்ணையே நனைத்துக் குழைத்து வேலையை முடித்துக்கொள்கிறது. கேலிபியான் என்ற நீலக் குளவிப் பேரினத்துக்கு இதுதான் வழக்கம். சொந்தமாகக் கூடு கட்டுவதில்லை. அடுத்தவர் விட்டுப்போன அறை, மூங்கில் துளை, ஆணி பிடுங்கிய ஓட்டை என்று எது கிடைத்தாலும் குடியேறிவிடும். உள்ளே வைப்பதும் ஸ்கெலிஃப்ரான் வைக்கிற அதே சிலந்திகள்தான். அதனால் கூட்டை உடைத்துச் சிலந்திக் காலைக் கண்டுபிடித்தாலும் எது குடியிருந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே கம்பளிப்புழு இருந்தால் டெல்டா வகைப் பானைக் குளவியின் பக்கம் போகலாம், அவ்வளவுதான்.

உடைப்பதற்கும் வழியில்லை. நாத்தனார் முழுகாமல் இருக்கிறாள். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பது அத்தையின் கணக்கு. "அதுல கை வெச்சே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சரி என்று ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியை வெட்டி, கொசுவலைத் துணியை ஒட்டி, கூட்டின் மேல் கவிழ்த்து, சுவரோடு சேர்த்து டேப் போட்டுவிட்டேன். சுண்ணாம்புச் சுவரில் டேப் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்க்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினால் நிற்கும், பிரிக்கும்போது சுவரும் உரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீலக் குளவியைப் படமெடுப்பது.

உலோகப் பளபளப்புள்ள பூச்சியை ஃப்ளாஷ் போட்டு எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும். இந்த நீலம் சாயம் கிடையாது, மேல்தோலின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிகிற நிறம். கோணம் மாறினால் ஊதா, இன்னும் கொஞ்சம் மாறினால் பச்சை. சுற்றியிருப்பதெல்லாம் முதுகில் விழுந்து கிடக்கும்: ஃப்ளாஷின் வெள்ளைப் புள்ளி, லென்ஸின் கருவட்டம், ஒரு படத்தில் என் கட்டைவிரல்கூட. இனம் காண நமக்குத் தேவையான புள்ளிக்குழிகளும் வரிகளும் அந்த வெள்ளைக்குள் கரைந்துவிடும். ட்ரேசிங் பேப்பரை ஃப்ளாஷின் முன்னால் கட்டினால் வெள்ளைப் புள்ளி கொஞ்சம் பெரிய வெள்ளைப் புள்ளியாகும். தெர்மாகோல் தட்டை அண்டக் கொடுத்தால் ஒரு பக்கம் தெளியும், மறுபக்கம் இருட்டு.

கடைசியில் கைகொடுத்தது தயிர் டப்பா. அடியில் லென்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வட்டமாக வெட்டி, குளவியின் மேல் கவிழ்த்து, வெளியே இரண்டு பக்கமும் எல்இடி விளக்கு. வெளிச்சம் டப்பாவுக்குள் நுழையும்போதே பரவிவிடுகிறது. குளவிக்கு வானமே வெள்ளையாகிவிடுவதால் முதுகில் தெரிவதற்குத் தனிப் புள்ளி எதுவும் மிச்சமில்லை. ஆனால் எல்லா டப்பாவும் ஆகாது. கனமான வெள்ளை டப்பா ஒளியை விடாது. வெளியே நீல எழுத்து அச்சடித்திருந்தால் அந்த நீலமும் குளவி மேல் ஏறிக்கொள்ளும், அப்புறம் எது அதன் நீலம், எது தயிர்க்காரர் நீலம் என்று பிரிக்கவே முடியாது. அச்சு அழியத் தேய்த்தேன், சொரசொரப்பு வந்ததும் பரவல் இன்னும் நன்றாகிவிட்டது. குளவியின் அடியில் வெள்ளைத் தாள் கட்டாயம். இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் மேசையின் பழுப்பு தெரியும். விளக்குகள் ரிச்சி தெருவில் வாங்கியவை. வாங்கும்போதே கடையில் எரியவிட்டு ஃபோன் கேமராவில் பாருங்கள், திரையில் பட்டை பட்டையாக ஓடினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

குளவியைச் சிறு புட்டியில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மந்தமாகிவிடும். ஃப்ரீசர் வேண்டாம், செத்துவிடும். வெளியே எடுத்த பிறகு முதலில் உணர்கொம்பின் நுனி துடிக்கும், அப்புறம் முன்னங்காலால் முகத்தைத் துடைக்கும். துடைக்க ஆரம்பித்தால் ஃபோகஸை மாற்றி மாற்றிப் படமெடுத்து அடுக்குகிற வேலையெல்லாம் முடிந்தது என்று அர்த்தம். மறுபடி புட்டி, மறுபடி தயிருக்குப் பக்கத்தில். இதை அத்தை இன்னும் பார்க்கவில்லை.

அந்த இடைவெளியில் எண்ண வேண்டியது உணர்கொம்பின் கணுக்களை. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. ஏட்டில் சுலபம். குளிரில் கொம்பு சுருண்டுகொள்ளும், அடியிலிருந்து இரண்டாவதாக உள்ள குட்டைக் கணு முதல் கணுவின் நிழலில் ஒளிந்துகொள்ளும். நுனியிலிருந்து எண்ணி வந்து, கடைசியில் அந்தக் குட்டையைத் தனியே பார்த்துச் சேர்ப்பதுதான் என் வழி. இங்கே 12. வயிற்றுக் கண்டங்களையும் எண்ணினேன், 6. ஆணாக இருந்தால் 7 வரும். ஆக, பெண்.

பேரினத்துக்கு வருவது இவ்வளவு கஷ்டமில்லை. ஓய்வில் இறக்கையை நீளவாக்கில் மடிக்கவில்லை, கண்ணின் உள்விளிம்பில் வெட்டும் இல்லை, எனவே பானைக் குளவிக் குடும்பம் கிடையாது. கரப்பான் பிடிக்கும் ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸாவுக்கு நடுத்தொடையும் பின்தொடையும் சிவப்பு, இதற்குக் கால் முழுக்க நீலம். இதே மண்கூடுகளில் ஒட்டுண்ணியாக வளரும் ஸ்டில்பம் சயனூரத்துக்கு இப்படி நீண்ட இடைக்காம்பே கிடையாது, உடம்பெல்லாம் குழி குழியாக இருக்கும். பிள்ளைப்பூச்சி அளவுக்கு மண்ணைத் தோண்டிச் சிள்வண்டு பிடிக்கும் குளோரியான் லோபாட்டத்தின் இறக்கையில் தேன் நிறம் உண்டு. இதற்கு இறக்கை தெளிவு, நுனியில் மட்டும் லேசான புகை. கேலிபியான்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவின் குளவிகளை விவரிக்கும் பிங்ஹாமின் 1897 தொகுதியைத் திறப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அதில் இந்த நீலக்காரிகளும் ஸ்கெலிஃப்ரானுக்குள்ளேயே இருப்பார்கள்.

இனத்தின் பெயர்தான் இழுக்கிறது. நம் பக்கத்து நீலக் கேலிபியான் படம் எதைக் காட்டினாலும் பெங்காலென்ஸ் என்று சொல்லிவிடுவார்கள். 1845-இல் டால்போம் விவரித்த இனம், வீடுகளில் சர்வ சாதாரணம், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் இந்தியாவில் வேறு கேலிபியான்களும் உண்டு. பெண்ணில் உறுதி செய்ய கிளைபியஸின், அதாவது முகத்தில் தாடைக்கு மேலே உள்ள தகட்டின், கீழ்விளிம்பில் உள்ள பற்களைப் பார்க்க வேண்டும். அந்தத் தகட்டின் மேல் வெள்ளி முடி, விளிம்பின் மேல் மூடிய தாடை. உயிரோடு இருக்கிற குளவியிடம் வாயைத் திற என்று கேட்க முடியாது. தண்ணீர்ச் சொட்டு ஒன்றை முன்னால் வைத்தேன். குடிக்கத் தாடையை விரித்தது, அதே நொடியில் சொட்டின் பளபளப்பு விளிம்பை மறைத்துவிட்டது. ஈரத் துணி நுனி அடுத்த யோசனை.

தானாகச் செத்த ஒன்று கிடைத்தால் ஊசியில் குத்தித் தாடையை விரித்துப் பார்த்துவிடலாம். அதற்காக ஆன்லைனில் 2-ஆம் எண் பூச்சி ஊசி வரவழைத்தேன். வந்தது தையற்காரர் குண்டூசி. திருப்பி அனுப்பினால் அதையே மறுபடி அனுப்புகிறார்கள். துருப்பிடிக்காத நல்ல ஊசி கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பாரிஸ் கார்னர் பக்கமாக இருந்தால் இன்னும் வசதி.

நீலக்காரியைச் சாயந்திரம் துவைக்கிற கல்லிலேயே விட்டுவிட்டேன். மொட்டை மாடியில் கட்ட மூங்கில் குழாய்களை அறுத்து வைத்திருக்கிறேன், ஒரு முனையில் கணு இருக்கும்படி, சுண்டுவிரல் நுழைகிற அகலத்திலும் அதைவிடச் சன்னமாகவும் கலந்து. ஆண் கிடைத்தால் உணர்கொம்பின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் வழவழப்பான தடங்களை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம், கிளைபியஸோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.