கெடிலக் கரையில் ஏழு சாதம்

முதல் பிள்ளைக்குத்தான் வளைகாப்பு. ரெண்டாவதுக்குக் கிடையாது, எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. ஆறு வருஷத்துக்கு முன் கை நிறையக் கண்ணாடி வளையலும் ஏழு வகைச் சாதமுமாக ஊரைக் கூட்டிச் செய்தார்கள். ஓயாத வாந்தியில் அன்றைக்கு எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இந்த முறை நேர் எதிர். ஏழாம் மாதம், தட்டைக் கண்டால் விடுவதில்லை. சாப்பிட வயிறு இருக்கிறது, சாதம் போடத்தான் ஆளில்லை என்று ஒருநாள் வாய்விட்டுப் புலம்பிவிட்டேன்.

"ஏழு சாதம்தானே? கோயில் கோயிலா கூட்டிட்டுப் போய் வாங்கித் தரேன், வா" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சாமி கும்பிடுவதில் பாதி, பிரசாதத்துக்காக.

சனி ஞாயிறு ஆனால் சென்னையும் பெங்களூரும் பாண்டிச்சேரியில் வந்து இறங்கும். பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் ஊர்சுற்றக் கிளம்பிய இடம் கடலூர். 25 கிலோமீட்டர்கூடத் தேறாது. தங்கச்சி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் டாக்டரம்மா தூரம் வேண்டாம் என்றார். எனக்கோ வைகாசி பிறந்ததிலிருந்து பண்ருட்டிப் பலாச்சுளை கனவில் வருகிறது. தவிர, கடலூரிலிருந்து பண்ருட்டி வரை கெடிலம் ஆற்றோடே மூன்று பெரிய கோயில்கள்: திருப்பாதிரிப்புலியூர், திருவந்திபுரம், திருவதிகை. இரண்டு நாளுக்கு அது போதும்.

கிளம்புகிற அன்று மாமியார் சட்டதிட்டம் எல்லாம் சொல்லி அனுப்பினார்கள். கொண்டையில் வேப்பிலை. வழியில் எங்கும் தேங்காய் உடைக்கக் கூடாது, நானும் கூடாது, அவரும் கூடாது. அவர் முடி வெட்டக் கூடாது (மூன்று மாதமாகத் தாடியோடுதான் திரிகிறார்), கடலில் இறங்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. "பிள்ளை பெறப்போறது அவளா நானா?" என்று கேட்டுவிட்டு, தாடியைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.

மகளை அம்மா வீட்டில் விட்டோம். ஐந்து வயசு. இதுவரை எல்லாருக்கும் அவள்தான் பாப்பா. வாசல்வரை வந்தவள் என் வயிற்றைத் தொட்டுக் கேட்டாள்: "இது வந்தா இதுதான் பாப்பாவா?"

"ஆமா. நீ அக்கா."

"நான் அக்கா ஆவணும்னு உங்கிட்ட சொன்னேனா?"

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று ஊர்கள் கடந்துகொண்டிருந்தன. எனக்கு அந்தக் கேள்வி மட்டும் கடக்கவில்லை. தென்பெண்ணைப் பாலம் ஏறும்போது அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துவிட்டேன். மணி ஆறரை. "முதல் சாதம்" என்று அவர் விரலை மடக்கினார்.

திருப்பாதிரிப்புலியூரை ஊர்க்காரர்கள் திருப்பாப்புலியூர் என்று சுருக்கிவிடுவார்கள். பாடலீஸ்வரர் கோயில் கடைத்தெருவுக்கு நடுவே இருக்கிறது. காலை நேரத்திலேயே பூக்கடை, காய்கறி, ஆட்டோ என்று ஒரே இரைச்சல். கோபுர வாசல் தாண்டினால் சத்தம் அப்படியே அறுந்துவிடுகிறது. பாதிரி மரம் தலவிருட்சம், புலிக்கால் முனிவர் பூசித்ததால் புலியூர். பிள்ளையார் கையில்கூட இங்கே ஆயுதம் இல்லை, பாதிரிப் பூங்கொத்துதான். அர்ச்சனைத் தட்டில் தேங்காய் இல்லாமல் பூவும் பழமும் மட்டும் கொடுத்தோம். குருக்கள் தட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பெரும்பாலான சிவன் கோயில்களில் பள்ளியறைக்குச் சுவாமிதான் அம்பாள் சன்னதிக்குப் போவார். இங்கே பள்ளியறை சுவாமி பக்கம், பெரியநாயகி எழுந்தருளி வருகிறாள். "பாத்தியா, யாரு யாரைத் தேடி வரணும்னு" என்றார் அவர். பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போனபின் மூன்று மாதம் தினமும் சைக்கிளில் வந்து போகப்போகிறவர் பேசுகிற பேச்சு.

உள்ளே ஓர் ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார். 'ஈன்றாளுமாய் எனக்கெந்தையுமாய் உடன்தோன்றினராய்' என்று தொடங்கும் அப்பர் பதிகம். சின்ன வயசிலிருந்து கேட்ட பாட்டுதான். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ ராஜா கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது ஐந்தெழுத்தைப் பாடி, கல்லே தெப்பமாக மிதந்து இந்த ஊரில் கரையேறினார் அப்பர். ஏறியதும் பாடியது இந்தப் பதிகம். பெற்றவள், தகப்பன், கூடப்பிறந்தவர் எல்லாமாக நீ இருக்கிறாய் என்கிறார். அவருக்கோ அப்பா புகழனாரும் அம்மா மாதினியாரும் இளவயதிலேயே போய்ச் சேர்ந்தவர்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு அக்கா, திலகவதி. சாவிலிருந்து ஏறி வந்து ஈரம் காயாமல் பாடுகிறவர், கடவுளிலேயே கூடப்பிறந்தவரைப் பார்க்கிறார். அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். உள்ளே இருந்தவனோ இருந்தவளோ சரியாக அப்போது ஒரு உதை விட்டது. தற்செயல்தான், பசிக்கும்போதெல்லாம் உதைக்கிற பிள்ளை அது.

கையில் ஒரு கவளம் வெண்பொங்கல் கிடைத்தது. வெண்பொங்கல் ஏழு சாதத்தில் சேருமா சேராதா என்று வாக்குவாதம் வந்தது. தீர்ப்பு ஆகாமலே டிபன் கடை, பூரிக் கிழங்கு, அரை மணி நேரம் கழித்து ஒரு பில்டர் காபி. மதியம் மஞ்சக்குப்பத்தில் இலைச் சாப்பாடு. வாழைப்பூ வடை வைத்தவரிடம் இன்னொன்று கேட்க வெட்கமாக இருந்தது. அவராகவே இரண்டு வைத்துவிட்டுப் போனார். கடைசியில் கெட்டித் தயிரைப் பிசைந்தபோது என் வீட்டுக்காரர் இன்னொரு விரலை மடக்கினார். அறைக்கு வந்து படுத்தால் நெஞ்செரிச்சல். ஒரு இளநீரில் அடங்கியது.

வெயில் தாழ்ந்தபின் வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பம் போனோம். அப்பர் கரையேறிய இடம் என்று பெயரிலேயே இருக்கிறது. கடல் இப்போது அங்கே இல்லை, எங்கோ விலகிப் போய்விட்டது. வீடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு இங்கேதான் அலை அடித்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சித்திரை அனுஷத்தில் கரையேறிய விழா நடக்கும். நாங்கள் போன அன்றைக்குக் கூட்டமே இல்லை. சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம்.

நிஜமான கடலைப் பார்க்கத் தேவனாம்பட்டினம் போனோம், சில்வர் பீச் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அங்கேதான் சோதனை. தள்ளுவண்டியில் சங்கரா மீன் வறுபடுகிற வாசனை. மூன்று முறை அந்த வண்டியைக் கடந்து நடந்தேன். "நாளைக்குப் பெருமாள்" என்று அவர் நினைவூட்டினார். சுண்டலும் மிளகாய்த்தூள் தடவிய மாங்காயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நின்றார். தன் அம்மா பேச்சைக் கேட்காதவர் மாதிரிதான் பேசுவார்.

மறுநாள் ஞாயிறு, நல்ல முகூர்த்தம். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் என்னவென்று போனவர்களுக்குத் தெரியும். திரும்புகிற பக்கமெல்லாம் மாலையும் கழுத்துமாக ஜோடிகள், ஒரு மேளம் முடிவதற்குள் அடுத்த கெட்டிமேளம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது, வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பல காலம் வாழ்ந்த ஊர். அவர் தம் கையாலேயே கட்டிய கிணறு இன்னும் இருக்கிறது. தேவநாதப் பெருமாளையும் செங்கமலத் தாயாரையும் அந்த நெரிசலிலும் நன்றாகவே சேவித்தோம். எதிரே ஔஷதகிரி. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். மேலே ஹயக்ரீவர். பரீட்சை நேரத்தில் பேனாவோடு பிள்ளைகள் ஏறுவார்கள். நாங்கள் இருவருமே மலை ஏறத் தடை செய்யப்பட்டவர்கள், கீழேயே நின்று கும்பிட்டோம்.

எனக்கு அங்கே ஒரு சொந்த வேலை இருந்தது. ஆறாம் மாதத்திலிருந்து வயிற்றில் தோல் இழுபட்டு ஒரே அரிப்பு. டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, பயமில்லை என்று களிம்பு கொடுத்திருக்கிறார். அம்மாவோ உப்பு, மிளகு, வெல்லம் முடிந்து கொடுத்திருந்தார்கள், சேஷ தீர்த்தக் கிணற்றில் போட. தோல் உபாதை உள்ளவர்கள் எல்லாரும் போடுவது. போட்டேன். களிம்பையும் விடவில்லை.

பிரசாதக் கடையில் தொன்னையில் புளியோதரை வாங்கி நின்றபடியே முடித்தேன். மிளகாயும் எள்ளும் வறுத்துப் போட்ட கோயில் புளியோதரைக்கு வீட்டில் என்ன செய்தாலும் ஈடு வராது. அதன் மேலே சர்க்கரைப் பொங்கல். நாலு, அல்லது வெண்பொங்கலைச் சேர்த்தால் ஐந்து.

கிளம்பும்போது, ஒரு கல்யாண வீட்டுப் பந்தல் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பட்டுப்புடவையில் ஒரு பெரியம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாம்மா?"

"ரெண்டும் இல்லைங்கம்மா. பாண்டிச்சேரி. சாமி கும்பிட வந்தோம்."

"அதனால என்ன? வயித்துப் புள்ளக்காரி பந்தியைத் தாண்டிப் போனா எங்க பொண்ணுக்கு ஆவாது. வா, உக்காரு. தம்பி, நீயும் வாப்பா."

யாரென்றே தெரியாத கல்யாணத்தில் இலைபோட்டுச் சாப்பிட்டோம். இட்லி, வடை, முந்திரி தூக்கலாகக் கேசரி. என் வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை பெயரைக்கூடக் கேட்டு வைக்கத் தோன்றவில்லை, ஆனால் மொய்க்கவரில் நூறு ரூபாய் வைத்து நீட்டினார். வாங்க மறுத்துவிட்டார்கள். பந்தியில் சாதமே இல்லை என்பதால் கணக்கில் வராதாம். வயிற்றுக்கு வந்ததே.

இந்த விருந்தில் நேரம் போய்விட்டது. பாலூர் வழியாகப் பண்ருட்டியைத் தொட்டுத் திருவதிகை வரும்போது நடை சாத்துகிற நேரம். அவர் முன்னால் ஓட, நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்னால். தேர் மாதிரியே அமைந்த விமானத்தை நின்று பார்க்கக்கூட முடியவில்லை. சிவன் வீரச் செயல் புரிந்த எட்டு அட்டவீரட்டத் தலங்களில் திரிபுரம் எரித்த தலம். உள்ளே 16 பட்டைகளோடு பெரிய லிங்கம், பளபளவென்று. குருக்கள் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டு, "மெதுவா வாம்மா, சுவாமி எங்கயும் போயிடமாட்டார்" என்றார்.

முதல் நாள் அப்பர் கரையேறின இடத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அவர் தொடங்கின இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சமணத்துக்குப் போய் தருமசேனர் ஆனவர், சூலை நோயில் குடல் துடிக்க அக்காவைத் தேடி வந்தது இங்கே. விடிவதற்கு முன் கோயில் கூட்ட வந்த அக்கா, திருநீறு கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். 'கூற்றாயினவாறு' பிறந்தது. வயிற்று வலிக்காரர்கள் இன்றும் அந்தப் பதிகத்தைத்தான் படிக்கிறார்கள்.

திலகவதியாருக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. அங்கே நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்தபின் உயிரை விடத் துணிந்தவர், தம்பி இருக்க வேண்டுமே என்று தன்னை நிறுத்திக்கொண்டார். சொற்பொழிவுகளில் இதைக் கண்ணீரோடு சொல்வார்கள், கேட்கிறவர்களும் அழுவார்கள். மூன்று பேருக்கு மூத்தவளாகப் பிறந்த எனக்கு அந்த இடத்தில் எப்போதும் ஒரு முள் குத்தும். அக்கா என்றால் விட்டுக்கொடுக்கிறவள் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. பென்சில் டப்பாவிலிருந்து கல்லூரிப் படிப்பு வரை அதன்படி நடந்தவள் நான். சுகப்பிரசவம் கேட்கத்தான் வந்தேன். சன்னதி முன்னால் வாயில் வந்தது வேறு. தாயே, என் பொண்ணுக்கு உன் பாரம் வேண்டாம். கூட ஒரு ஆள் இருந்தால் மட்டும் போதும்.

குருக்கள் திருநீற்றை மடித்துக் கொடுத்தார். வயிற்றிலும் கொஞ்சம் பூசிக்கொண்டேன்.

அப்புறம் பலாப்பழம். பண்ருட்டிச் சாலையோரம் மலைமலையாகக் குவித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஒன்றை எடுத்தார் கடைக்கார அண்ணன். எண்ணெய் தடவிய கத்தியால் பிளந்ததும் வந்த வாசனைக்கு முன்னால் இரண்டு நாள் சாப்பிட்டதெல்லாம் ஒன்றுமில்லை. "சூடு, ரெண்டு சுளைக்கு மேல வேண்டாம்" என்று அம்மா சொல்லியிருந்தார்கள். எத்தனை சாப்பிட்டேன் என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து, ஆறஅமர, பிசின் ஒட்டிய கையோடு சிரிக்க நேரம் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். வண்டிக்குத் திரும்பவே மனசில்லை.

வீட்டுக்கு ஒரு சின்னப் பழம் வாங்கினோம். மாலையில் அம்மா வீட்டுத் திண்ணையில் மகளுக்குச் சுளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அப்பர் கதையைச் சொன்னேன். அக்கா, தம்பி, வயிற்று வலி, திருநீறு, ராஜா, கல், கடல் எல்லாம். கவனமாகக் கேட்டாள். நாலாவது சுளையில் நிறுத்தினாள்.

"கல்லக் கட்டிக் கடல்ல போட்டப்போ அந்த அக்கா எங்க போச்சு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஆயா," என்று உள்ளே திரும்பிக் கத்தினாள், "அம்மாவுக்குக் கதை தெரியல." கொட்டையை என் உள்ளங்கையில் துப்பிவிட்டு அடுத்த சுளையை எடுத்தாள்.

மறுநாள் அந்தக் கொட்டைகளோடு கத்திரிக்காய் போட்டு அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டேன். இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, வாய் நிறையச் சோறு.