தோலைப் பார்த்த பிறகே விசில்

2017ஆம் ஆண்டுக் கோடையில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், பள்ளி அணிகளுக்கான அமெரிக்கன் ஃபுட்பால் நடுவராகச் சேர்ந்தேன். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் நடுவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வந்த ஆசை அது. அவர்களில் பெரும்பாலோர் வேறு தொழிலும் செய்கிறவர்கள். பல ஆண்டுகள் தலைமை நடுவராக இருந்த எட் ஹோக்குலி ஒரு வழக்கறிஞர். ஆனால் அந்த இடத்தை எட்டக் குறைந்தது 10 ஆண்டு அனுபவமும், அதில் 5 ஆண்டுகள் பெரிய கல்லூரி ஆட்டங்களிலோ அதற்கு இணையான தொழில்முறை ஆட்டங்களிலோ பணியாற்றியிருப்பதும் தேவை. 2015இல் என்.எஃப்.எல்.லில் நிரந்தரமாக அமர்த்தப்பட்ட முதல் பெண் நடுவரான சாரா தாமஸும் மிசிசிப்பியில் பள்ளி ஆட்டங்களிலிருந்து மேலேறியவர்தான்.

விண்ணப்பம், குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, விதித் தேர்வு ஆகியவை எளிதாகவே முடிந்தன. கண்ணைப் பழக்குவதுதான் கடினமாக இருந்தது. என்.எஃப்.எல்.லில் ஏழு நடுவர்கள். உயர்நிலைப் பள்ளிகளின் முதன்மை அணிகள் மோதும் எங்கள் வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் ஐவர். ஐவரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால், பந்தில்லாத இடத்தில் ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்து இழுப்பதை யார் பார்ப்பது? ஆகவே ஒவ்வொரு நடுவருக்கும் அவர் கவனிக்க வேண்டிய ஆட்கள் இன்னார் என்று வகுத்திருக்கிறார்கள். ஆயுள் முழுதும் பந்தைத் தேடியே பழகிய கண்ணுக்கு இது எத்தனை பெரிய தண்டனை என்பதை மைதானத்தில் நின்றவர்களே அறிவார்கள்.

இடுப்பில் மஞ்சள் கொடியும் சிறு பயறுப் பையும் இருக்கும். பந்து கைநழுவிய இடத்தைக் குறிக்க அந்தப் பையை வீசுவோம். பந்தைப் பத்து கஜம் முன்னேற்ற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். அதை எண்ண மணிக்கட்டில் ஒரு எலாஸ்டிக் பட்டை. அதன் வளையத்தை முதல் டவுனுக்குச் சுட்டுவிரலிலும், இரண்டாவதற்கு நடுவிரலிலும், அப்படியே சுண்டுவிரல் வரையிலும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். கூச்சலுக்கு நடுவே எத்தனையாவது டவுன் என்ற குழப்பம் வந்தால், விரலைத் தொட்டுப் பார்த்தே தெளிந்துகொள்வோம்.

முதல் பருவத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டமொன்றில் பெரிய தவறு செய்தேன். ஓட்டக்காரன் ஆட்களின் குவியலுக்குள் மறைந்ததும், ஆட்டம் நின்றுவிட்டதென்று எண்ணி விசில் ஊதினேன். பந்தோ அவனிடம் இல்லை. கொடுப்பதுபோல் பாவனை காட்டிய குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவன்), எதிரே ஒருவரும் இல்லாத மறுபுறத்தில் அதை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். விசில் ஒலித்த கணமே பந்து செத்துவிடும். தலைமை நடுவராலும் அதை உயிர்ப்பிக்க முடியாது. விசில் ஒலித்தபோது பந்து இருந்த இடத்தை ஏற்பதா, அதே டவுனை மீண்டும் ஆடுவதா என்று அந்த அணி தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவே. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த அந்தப் பையனின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அடுத்த வாரம் எங்கள் குழுவின் மூத்த நடுவர் அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தோலைப் பார்த்த பிறகே விசில்” என்று மட்டும் சொன்னார். தோல் என்றால் பந்து. இப்படிப் படம் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழக்கத்தைத் தொழில்முறை நடுவர்களிடையே முறையாக நிலைநாட்டியவர், 1968 முதல் என்.எஃப்.எல். நடுவர் பிரிவை நடத்திய ஆர்ட் மெக்நேலி. 2022இல், எங்கள் மாநிலத்தின் கான்டன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில், நடுவர்களில் முதலாமவராக அவருக்கு இடம் கிடைத்தபோது, என் வீட்டில் ஒருவர் கௌரவிக்கப்பட்டதுபோல் மகிழ்ந்தேன். மூத்த நடுவர் அந்த ஒளிப்பதிவைக் காட்டிய அன்று முதலே விசிலை வாயில் வைப்பதை விட்டிருந்தேன். கையிலிருந்து உதட்டுக்குப் போகும் அந்த ஒரு நொடி, பார்ப்பதற்கான நொடி.

மூன்றாம் ஆண்டில் முதல் வெள்ளிக்கிழமை ஆட்டம் கிடைத்தது. கோல் கோட்டுக்கு மூன்று கஜம் இருக்கையில் அதே பாவனை மறுபடி வந்தது. நடுவில் எல்லோரும் குவிந்து விழ, அரங்கமே அந்தக் குவியலைப் பார்த்துக் கத்தியது. நான் விசிலைக் கையிலேயே வைத்திருந்தேன். குவார்ட்டர்பேக்கின் இடுப்போரத்தில் பழுப்புத் தோல் தெரிந்தது. அவன் என் பக்கமாகச் சுற்றி ஓடி வந்தான். பந்து கோட்டைக் கடந்ததைக் கண்ணால் கண்ட பிறகு, டச்டவுன், அதாவது புள்ளிகள் கிடைத்தன என்று காட்ட இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.