என் படிப்புக்கு ஒரு நிறுவனம் ஏன் செலவு செய்தது?

பொறியியல் இரண்டாம் ஆண்டில் ஒரு நிறுவனம் என் கல்விக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. விடுமுறைகளில் அவர்களுடைய ஆலையில் வேலை, அதற்கு ஸ்டைபெண்ட், பட்டம் வாங்கியதும் சில ஆண்டுகள் அங்கேயே பணி. இதுதான் ஏற்பாடு.

எழுத்துத் தேர்வு வழக்கமானதுதான். நேர்காணல் அப்படியில்லை. மதிப்பெண் பற்றிப் பேச்சே வரவில்லை. "ஒரு மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகி நின்றுவிடுகிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று தொடங்கினார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாத இடத்தில் யாரிடம் என்ன கேட்பேன் என்றும் சொன்னேன். முடியும்போது, படித்து முடித்தவர்களையே எடுக்கலாமே என்று நானும் கேட்டேன். பராமரிப்புப் பிரிவுத் தலைவர் பொறுமையாக விளக்கினார். புதிதாக வரும் பட்டதாரிக்கு அந்த ஆலை பிடிபட நெடுநாள் ஆகிறது. அதுவரை சம்பளமும் போகிறது, சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களின் நேரமும் போகிறது. அதை விடுமுறைகளிலேயே முடித்துவிடலாம். ஆள் எப்படி என்பதும் வேலையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

யோசனை பழையது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களை வகுப்பிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் பயில வைத்தார். ஆனால் எங்கும் செல்லுபடியாகும் திறமைக்குப் பணம் போட்டால், கற்றவர் வேறு இடத்துக்குப் போய்விடலாம். பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960களில் அலசிய சிக்கல் இது. இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன், இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டை நிறுவனங்கள் கேட்பது இதனால்தான்.

அந்த பாண்டை வரி வரியாகப் படித்தேன். பணிக்காலம் எந்தத் தேதியிலிருந்து கணக்கு? இடையில் விலகினால் முழுத் தொகையா, வேலை பார்த்த மாதங்களுக்குக் கழிவு உண்டா? அரியர் விழுந்தால்? விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறையும் என்று தெளிவாக இருந்தது. ஆனால் நிறுவனமே வேலை தர முடியாமல் போனால் என்ன என்பது எங்கும் இல்லை. கேட்டபோது, "அப்படியெல்லாம் நடக்காது" என்றார் ஹெச்ஆர் அதிகாரி. நடக்காது என்றால் எழுதித் தருவதில் சிரமமில்லையே சார் என்றேன். சில மின்னஞ்சல்களுக்குப் பிறகு அந்தப் பிரிவைச் சேர்த்தார்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்கவில்லை, நகல்தான். இந்த இரண்டிலும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் ஜூனியர்களிடம் சொல்லி வருகிறேன்.

ஆலையில் கற்றதற்கு ஓர் உதாரணம். ஒரு பம்பிலிருந்து சரளைக்கல் உருளுவது போலச் சத்தம் வந்தது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, திரவத்தில் ஆவிக்குமிழிகள் உண்டாகி, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தின் மேல் உடைகின்றன என்று மேற்பார்வையாளர் காட்டினார். அடைத்திருந்த வடிகட்டியைச் சுத்தம் செய்ததும் சத்தம் நின்றது. அடுத்த செமஸ்டரில் இதே குமிழிச் சிக்கல் கேவிட்டேஷன் என்ற பெயரில் பாடமாக வந்தபோது, அரிக்கப்பட்ட இம்பெல்லரை நான் ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருந்தேன். இந்த வாய்ப்பு எல்லா மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பட்டம் வாங்கிச் சேர்ந்தபோது எனக்குத் தனியாகப் பயிற்சிக் காலம் வைக்கவில்லை. முழுச் சம்பளத்தோடு நேராக ஷிப்டில் போட்டார்கள். பாண்ட் இன்னும் ஓடுகிறது. விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைந்து வருகிறது.